கீழ் வீடு கிடைக்குமா?



பள்ளிக்கூடப் பரீட்சைகள் முடிந்துவிட்டால் தருமபுரியில் வீடு மாறும் காலம் தொடங்கிவிடும். ஆடி பிறந்தால் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள் என்பதால் சித்திரை, வைகாசிக்குள் குடி போய்விட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கும். குமாரசாமிப்பேட்டையிலும் பாரதிபுரத்திலும் பென்னாகரம் ரோட்டிலும் கேட்டுக்குக் கேட்டு ‘வீடு வாடகைக்கு’ அட்டை தொங்கும். அட்டையில் இருப்பது ஒரு செல்போன் எண் மட்டும்தான். நிபந்தனைகள் போன் போட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். என்ன வேலை, எத்தனை பேர், சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று கேள்வி நீளும். அந்தத் தெருக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி இன்னொரு மாதம் எழுத வேண்டும்.

இந்த மாதம் வேறொரு கேள்வி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் பலம் இழந்தவர். காலிப்பர் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு நடப்பார். வெளியே போவதற்கு இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருக்கிறது. தருமபுரியில் வேலை, மனைவி, பள்ளிக்குப் போகும் மகள். நகரத்துக்குள் வீடு தேடி அலைந்த கதையைத்தான் எழுதியிருக்கிறார். “இல்லைன்னு யாருமே சொல்லலை சார். எல்லாரும் பாசமாத்தான் பேசினாங்க. உட்கார வச்சு காபி கொடுத்தாங்க. ‘தம்பி, வீடு நல்ல வீடுதான், ஆனா உங்களுக்குத்தான் சிரமம்’னு சொல்லி அனுப்பிட்டாங்க. எங்களை மாதிரி ஆட்களுக்கு வீடு கொடுக்கணும்னு சட்டம் ஏதாவது இருக்கா?” என்று கேட்கிறார்.

தனிக் கடிதமாகவே அவருக்குப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியோடு நம் மாவட்டத்தில் இன்னும் பலர் இருப்பார்கள். தவிர, அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிய வீட்டுக்காரர்களில் சிலராவது இந்த இதழின் வாசகர்களாகவும் இருக்கக் கூடும். அதனால் இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன்.

‘உங்களுக்குத்தான் சிரமம்’ என்பது சாதாரணப் பேச்சில்லை. மறுத்ததாகவும் ஆகாது, பழியும் வராது. பார்வையற்ற தம்பதி வீடு கேட்டால் கேஸ் அடுப்பைப் பற்றிக் கவலைப்படுவார்கள், ஏதோ அந்தப் பெண் அன்றைக்குத்தான் முதன்முதலாக அடுப்புப் பற்றவைக்கப் போகிறாள் என்பதுபோல. காது கேளாதவர் என்றால் ‘ராத்திரியில் கேட்டைத் தட்டினால் எப்படித் தெரியும்’ என்பார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோருக்குப் பெரும்பாலும் வீடு கிடைத்துவிடும். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டார் சத்தம் போடுகிறார்கள், குழந்தை சுவரில் தட்டுகிறது என்று ஆரம்பித்து, ‘நீங்களே ஒரு நல்ல இடமா பாத்துக்கிட்டா தேவலை’ என்பதில் போய் முடியும். அப்படி மாறிக்கொண்டே இருக்கும் வீடுகளில், ஒவ்வொரு மாற்றமும் அந்தக் குழந்தையை எவ்வளவு குலைத்துப்போடும் என்பதை அதன் அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

ஆனால் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே பல இடங்களில் வீடே மறுத்துவிடுகிறது. நம் ஊர் வீடுகளைக் கொஞ்சம் அளந்து பாருங்கள். ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துகொண்டே போவதால், மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று வீட்டையும் தூக்கிக் கட்டுகிறோம். வாசலில் மூன்று படியாவது இருக்கும். ஒரு படி அரை அடி என்றாலும் மொத்தம் ஒன்றரை அடி உயரம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குக் குறைந்தது 12 அடி நீளம் ஓட வேண்டும் என்பதுதான் மத்திய அரசின் வழிகாட்டுதல்களில் உள்ள கணக்கு. அப்படியானால் இந்த மூன்று படிக்கு 18 அடி. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே ஐந்தடி இருந்தாலே பெரிய விஷயம் என்கிற மனைகளில் 18 அடிக்கு எங்கே போவது? பக்கவாட்டில் வளைத்து ஓட்டலாம், நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பலாம். ஆனால் அதெல்லாம் வீடு கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிய காரியம். கட்டி முடித்த பிறகு சிலர் பைக் ஏற்றுவதற்காகப் படிமேல் ஒரு சிமென்ட் சரிவு போட்டுவிட்டு, அதைக் காட்டி ‘ராம்ப் இருக்கு’ என்கிறார்கள். அந்தச் சரிவில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஏறும்போது பின்னால் சாயும், இறங்கும்போது உட்கார்ந்திருப்பவரை முன்னால் கவிழ்க்கும்.

உள்ளே போய்விட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஹாலும் படுக்கையறையும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் ஏறக்குறைய 26 அங்குலம். பழைய வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டு அடிதான், அதாவது 24 அங்குலம். இரண்டு அங்குலத்தில் தோற்றுப்போகிற வீடு அது. வழிகாட்டுதல்கள் கேட்பது 900 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்றடி. கொத்தனாரிடம் ‘பாத்ரூம் கதவுதானே, ரெண்டடி வச்சுக்கலாம்’ என்று சொல்லும்போது யாரும் யாரையும் விலக்கி வைக்க நினைப்பதில்லை. பின்னாளில் விலக்கி வைக்கும் வேலையை அந்தக் கதவு பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்று மாடி. நம் ஊர் வழக்கம் கீழே ஓனர், மேலே வாடகை. வீட்டுக்காரர் வயதானவராக இருப்பார், முழங்கால் வலி இருக்கும், கீழ்த்தளம் அவருக்கு வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதனாலேயே வாடகைச் சந்தையில் கீழ் வீடு அபூர்வமாகிவிட்டது. படி ஏற முடியாதவர் யாரோ, அவர்தான் எளிதில் கிடைக்காத வீட்டைத் தேடி, கூடுதல் வாடகையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதை வைத்து எந்தத் தெருவில் கீழ் வீடு பிடிப்பது?

நம் மாவட்டத்துக்கு இந்த விஷயம் கூடுதலாக உறைக்க வேண்டும். காரணம், நாம் குடித்த தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பாறை நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைத் தலைமுறையாகக் குடித்த ஊர்கள் இங்கே உண்டு. பற்களில் படியும் பழுப்புக் கறையைப் பார்த்தே ‘தருமபுரியா?’ என்று வெளியூரில் கேட்பார்கள், நம்மில் பலருக்கு அந்த அனுபவம் இருக்கும். பல்லோடு நின்றால் அது வெறும் தோற்றச் சங்கடம். ஆண்டுக் கணக்கில் ஃபுளோரைடு எலும்பில் சேர்ந்துகொண்டே போனால் தசைநார்கள் சுண்ணாம்பேறி இறுகும். முதுகு வளையாது, கழுத்து திரும்பாது, முழங்கால் முழுதாக மடங்காது. சப்பணமிட்டு உட்கார முடியாது. கீழே குந்த முடியாது. அதாவது, சாதாரண இந்தியக் கழிவறை உள்ள வீட்டில் இப்படிப் பாதிக்கப்பட்டவரால் மானத்தோடு குடியிருக்க முடியாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம்’ என்றும் பெயர் உண்டு. ஜப்பானியக் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 2013-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. பேரப்பிள்ளைகளின் எலும்பைக் காவிரித் தண்ணீர் காப்பாற்றும். தாத்தா, பாட்டியின் எலும்பை அது பழையபடி ஆக்காது. அப்படி இறுகிப்போன உடம்போடு, மகனுக்கு நகரத்தில் வேலை கிடைத்ததால் கிராமத்து வீட்டை விட்டு வாடகை வீட்டுக்கு வரும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஃபுளோரோசிஸ் என்ற பெயர் கிடையாது. ஆனால் எலும்பு, தசை, நரம்பு பாதித்து நடமாட்டம் குன்றுவதை அந்தச் சட்டம் இயக்கக் குறைபாடு என்கிறது. இந்தப் பெரியவர்கள் மருத்துவப் பரிசோதனைக்குப் போய்ச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அது போதும். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிற குடும்பங்கள்தான் அதிகம்.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. போதுமா? போதாது.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மேற்சொன்ன சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மாற்றுத்திறன் காரணமாக யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. அப்படி வேறுபடுத்துவதற்கு நியாயமான நோக்கமும் அதற்குத் தகுந்த அளவும் இருப்பதாகக் காட்ட வேண்டிய பொறுப்பு வேறுபடுத்துபவருடையது. ஒருவருக்குத் தேவையான, மற்றவர்மேல் மிதமிஞ்சிய சுமை ஏற்றாத மாற்றங்களைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் விளக்கப் பகுதியே சொல்கிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை 5-ஆம் பிரிவில் இருக்கிறது. அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்பது 37-ஆம் பிரிவு. அணுகல் விதிகளுக்கு இணங்காத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது, அப்படிக் கட்டியதற்கு நிறைவுச் சான்றும் தரக் கூடாது என்பது 44-ஆம் பிரிவு. சட்டத்தை மீறும் எவருக்கும் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை என்கிறது 89-ஆம் பிரிவு.

படிக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எங்கே நழுவுகிறது என்றால், சட்டத்தின் பெரும்பாலான கடமைகள் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரியவை. தனியார் நிறுவனம் என்பதற்குக் கம்பெனி, கூட்டுறவு, சங்கம், அறக்கட்டளை, தொழிற்சாலை என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். மேல்மாடியை வாடகைக்கு விடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அந்த வரிசையில் இல்லை. ‘யாரையும் பாகுபடுத்தக் கூடாது’ என்ற பொது வாசகம் அவருக்கும் பொருந்தும் என்று வாதாடலாம், என் எண்ணமும் அதுதான். ஆனால் வீடு தேடி அலைகிறவரால் அந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போக முடியுமா? அவருக்கு வருகிற மாதம் முதல் தேதிக்குள் வீடு வேண்டும்.

கட்டட விதிகளின் கதையும் அப்படித்தான். அணுகல் தரங்களைக் கட்டாயம் என்று சொல்ல வேண்டிய மத்திய விதி, வழிகாட்டுதல்களை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு நின்றது. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்ற உரிமைச் செயல்பாட்டாளர் 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில், அந்த விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கவும் உத்தரவிட்டது. ஒரு சாய்தளம் சிபாரிசா, கட்டாயமா என்பதைத் தீர்த்துக்கொள்ள நமக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

வாடகைச் சட்டத்தைப் பார்ப்போம். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, சண்டை என்றால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் மாற்றுத்திறனாளி வாடகைதாரர் என்றொருவர் உலகத்தில் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. அதைவிட மோசம், உரிமையாளரின் எழுத்துமூல இசைவு இல்லாமல் கட்டமைப்பில் மாற்றம் செய்தாலோ நிரந்தரமாக எதையும் கட்டினாலோ வெளியேற்றக் கேட்பதற்கு அது ஒரு காரணம். சாய்தளம் கட்டினால் அதுவும் மாற்றம்தானே? குளியலறைக் கதவை அகலப்படுத்தினால்? எந்த மாற்றம் இருந்தால்தான் ஒருவர் அந்த வீட்டில் வாழ முடியுமோ, அதைச் செய்ததற்காகவே அவரை வெளியேற்ற வழி இருக்கிறது. இசைவு கேட்டால் உரிமையாளர் காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை.

அமெரிக்காவில் இந்த ஒரு வரிக்காகவே தனிச் சட்டப் பகுதி இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று அங்கே நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. அப்போது இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவைதான் அதில் இருந்தன. மாற்றுத்திறனாளிகள் 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் உள்ளே வந்தார்கள். அந்தத் திருத்தம் வீட்டு உரிமையாளர்மேல் வைக்கும் கடமைகள் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. வீடு காலியாக இருந்தால் குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. வழக்கமான நடைமுறையில் சிறு விலக்குகள் கேட்டால், உதாரணமாக வாசலுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த ஓர் இடம் வேண்டுமென்றால், தர வேண்டும். வீட்டில் மாற்றம் செய்துகொள்ள அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டும். தனியார் வீடுகளில் அந்த மாற்றத்துக்கான செலவு பெரும்பாலும் வாடகைதாரருடையது! உள்ளே செய்த மாற்றங்களைக் காலி செய்யும்போது, நியாயமான அளவில், பழையபடி ஆக்கித் தரச் சொல்லலாம். அதற்கான தொகையை வட்டி வரும் கணக்கில் முன்கூட்டியே போட்டுவைக்கக் கூடச் சொல்லலாம். ஆனால் குறைபாட்டைக் காட்டி வழக்கமான அட்வான்ஸைவிட அதிகம் கேட்கக் கூடாது.

இதை அப்படியே இங்கே எடுத்துவர வேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தச் சட்டத்தில் ‘மிஸஸ் மர்ஃபி விலக்கு’ என்று செல்லமாகச் சொல்லப்படுகிற ஒரு விதிவிலக்கு உண்டு. நான்கு அல்லது அதற்குக் குறைவான வீடுகள் உள்ள கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால், சட்டத்தின் பெரும்பகுதி அவரைக் கட்டுப்படுத்தாது. வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் கற்பனையான ஒரு விதவை அம்மாளின் பெயரால் வந்த சலுகை. நம் ஊருக்கு அதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கீழே ஓனர், மேலே ஒன்றோ இரண்டோ வாடகை வீடு என்பதுதான் தருமபுரியின் நடைமுறை. இங்கே ஏறக்குறைய எல்லோருமே மிஸஸ் மர்ஃபிதான். சட்டம் வந்தும் யாரையும் தொடாமல் போய்விடும். நமக்கு வேண்டியதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்பதில் சிங்கப்பூரைப் பார்க்கலாம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலரும் அங்கே இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். அரசு கட்டிய அடுக்குமாடிகளில் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்கும்படி மாற்றும் வேலையை 2001-இல் ஆரம்பித்தார்கள். முதியவர்கள் வாழும் வீடுகளில் கைப்பிடி, வழுக்காத தரை, சாய்தளம் பொருத்தித் தரும் திட்டம் 2012 முதல் இருக்கிறது. செலவில் பெரும்பங்கு அரசுடையது, குடியிருப்பவர் கொஞ்சம் போட்டால் போதும். இங்கே வீட்டுக்கு வரி வாங்குகிற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் அந்த வரியில் சிறு தள்ளுபடி கொடுத்தால்கூட, ஒரு சாய்தளத்துக்கு உரிமையாளர் மனம் வைப்பார். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டமன்றம் வழி செய்திருக்கிறது. அந்த நாற்காலிகளில் அமர்பவர்கள் முதலில் கேட்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

அதுவரை பாப்பிரெட்டிப்பட்டி நண்பர் என்ன செய்வது? வீடு பேசி முடித்ததும் ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், பதியுங்கள். அதில் இப்படி ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘வாடகைதாரர் தமது செலவில் சாய்தளம், கைப்பிடி, உட்காரும் வகைக் கழிவறை ஆகியவற்றை அமைத்துக்கொள்ள உரிமையாளர் இதன்மூலம் இசைவு அளிக்கிறார். காலி செய்யும்போது உரிமையாளர் விரும்பினால் அவற்றை வாடகைதாரர் அகற்றித் தருவார்.’ எழுத்துமூல இசைவு இல்லை என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது. ஸ்கூட்டரைக் காம்பவுண்டுக்குள், படிக்குப் பக்கத்தில் நிறுத்துவதையும் எழுதிவிடுங்கள். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் மழை நாளில் தெருமுனையில் வண்டியை விட்டுவிட்டு ஊன்றுகோலோடு சேற்றில் நடப்பவருக்கு அதுதான் வீடு.

தகராறு வந்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்து, மனு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணையில் ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் அவருக்கு உண்டு. பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்ற, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆம் பிரிவும் இருக்கிறது. அதை எடுத்தவுடன் வீசிவிடாதீர்கள். நாளைக்கும் அதே கேட்டுக்குள் போய்வர வேண்டியவர் நீங்கள்.

வீட்டுக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தையெல்லாம் மேல்மாடியில் போட்டுவிட்டு, அந்த வாடகையில் மாத்திரை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ‘விழுந்து வைத்தால் பழி நம்மேல் வருமே’ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. படிக்கட்டில் ஒரு பக்கம் கைப்பிடி இருந்தால் விழுகிற ஆபத்து குறையும், அந்தக் கைப்பிடியை நாளைக்கு முதலில் பிடிக்கப் போவது உரிமையாளரே என்பதுதான் அவர்களுக்கு என் பதில். குந்த முடியாதவருக்காகக் கழிவறையை மாற்றிய வீடு, அதற்குப் பிறகு வாடகைக்குப் போகாமல் கிடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. யாருக்கு எது சிரமம் என்று தீர்மானிக்கிற வேலையை, சிரமப்படப் போகிறவரிடமே விட்டுவிடலாம். அவர் இத்தனை ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். படிகளைக் காட்டுங்கள், குளியலறையைக் காட்டுங்கள், அளந்து பார்க்க விடுங்கள். முடியும் என்று அவர் சொன்னால் சாவியைக் கொடுங்கள்.

பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று நம் மாவட்டத்துக்கு ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். ஐந்து உறுப்பினர்களுக்கும் இந்த இதழின் பிரதியோடு ஒரு கோரிக்கை அனுப்புகிறோம். வாடகைச் சட்டத்தில் இரண்டு வரி சேருங்கள்: குறைபாட்டைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது, தேவையான மாற்றங்களுக்கு இசைவு கேட்டால் தக்க காரணமின்றி மறுக்கக் கூடாது. கீழே ஓனர் குடியிருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீடு வாடகைக்கு அட்டை எழுதும்போது செல்போன் எண்ணோடு இன்னும் மூன்று விவரங்களைச் சேருங்கள்: வாசலில் எத்தனை படி, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம், கழிவறை எந்த வகை. அந்த மூன்றும் உள்ள வாடகை அறிவிப்புகளை அடுத்த இதழிலிருந்து கட்டணம் இல்லாமல் வெளியிடுகிறோம். அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்